புராஸ்டேட் புற்றுநோய்: மருத்துவரிடம் கேட்க வேண்டியவை, சக நோயாளியிடம் கேட்க வேண்டியவை

நீங்கள் எழுதியிருப்பதன் சாரம் இது: வயது 63. பி.எஸ்.ஏ. (புராஸ்டேட் சுரப்பி இரத்தத்தில் விடும் ஒரு புரதத்தின் அளவு) 7.8. பயாப்சி எனும் திசுச் சோதனையில் கிளீசன் (நோயின் தீவிரத்தைக் காட்டும் எண்) 3+4. நோய் சுரப்பியைத் தாண்டவில்லை. அறுவை சிகிச்சையா, கதிர்வீச்சா என்று யோசித்துச் சொல்லும்படி மருத்துவர் கூறியிருக்கிறார். விஷயம் மனைவிக்கு மட்டுமே தெரியும். இதே நோய் வந்தவர்கள் கூடிப் பேசும் குழுவுக்குப் போய்ப் பார்க்கும்படி செவிலியர் சொன்னபோது உங்களுக்கு இரண்டு தயக்கங்கள் எழுந்தன. பிறருடைய கதைகளைக் கேட்டால் இருக்கிற பயம் இன்னும் கூடிவிடாதா? மருத்துவம் படிக்காதவர்கள் சொல்வதை எப்படி நம்புவது?

போய்ப் பாருங்கள் என்பதே என் பதில். ஆனால் அந்த இரண்டாவது தயக்கத்தை வீட்டில் விட்டுவிட்டுப் போகாதீர்கள். அது உங்களுக்கு அங்கே உதவும். நானும் இந்த நோயோடு பல ஆண்டுகளாக வாழ்பவன். அறுவை சிகிச்சை செய்துகொண்டேன். சில ஆண்டுகள் கழித்து பி.எஸ்.ஏ. மெல்ல ஏறியதால் கதிர்வீச்சும் ஹார்மோன் ஊசியும் தேவைப்பட்டன. அதன் பிறகு, புதிதாக நோய் கண்டறியப்பட்டவர்களோடு உட்கார்ந்து பேசுவதை என் பொறுப்பாக ஏற்றுக்கொண்டேன். அதிலிருந்து உறுதியாகச் சொல்கிறேன்: மருத்துவரிடம் கேட்க வேண்டிய கேள்விகள் ஒரு வகை, சக நோயாளியிடம் கேட்க வேண்டியவை வேறு வகை. இவற்றை இடம் மாற்றிக் கேட்கும்போதுதான் தீங்கு வருகிறது.

"எனக்கு எந்தச் சிகிச்சை நல்லது?" என்பது சக நோயாளியிடம் கேட்கவே கூடாத கேள்வி. காரணம், ஒரே பெயரைச் சுமந்தாலும் இது எல்லோருக்கும் ஒரே நோய் அல்ல. குழுவில் உங்கள் இடப்பக்கம் அமர்ந்திருப்பவருக்குக் கிளீசன் 6 இருக்கலாம்; எந்தச் சிகிச்சையும் இல்லாமல், பரிசோதனைகளோடு மட்டும் பத்து ஆண்டுகளைக் கடந்திருப்பார். வலப்பக்கம் இருப்பவருக்கு நோய் கண்டறியப்பட்ட நாளிலேயே எலும்புகளுக்குப் பரவியிருந்திருக்கும். இருவருமே உண்மையைத்தான் சொல்வார்கள். இரண்டு உண்மைகளுமே உங்களுக்குப் பொருந்தாமல் போகலாம்.

எனவே, குழுவுக்குப் போகும் முன் உங்கள் எண்களை நீங்களே புரிந்துகொள்ளுங்கள். கிளீசன் என்பது 1966இல் அமெரிக்க நோயியல் மருத்துவர் டொனால்ட் கிளீசன் வகுத்த முறை. நுண்ணோக்கியில் அதிகமாகத் தென்படும் செல் அமைப்புக்கு ஓர் எண், அடுத்ததாகத் தென்படுவதற்கு ஓர் எண். இரண்டையும் கூட்டிச் சொல்கிறார்கள். நடைமுறையில் 6 தொடங்கி 10 வரை வரும். உங்களுடையது 3+4, கூட்டினால் 7. இன்னொருவருக்கு 4+3 இருந்தால் அதுவும் 7தான். ஆனால் அவருக்குத் தீவிரமான அமைப்பே பெரும்பகுதி. உங்களுக்கு அது சிறுபகுதி. அதனால்தான் இப்போது 1 முதல் 5 வரை தரக் குழுக்களாகப் பிரித்துச் சொல்கிறார்கள்: 3+4 என்றால் இரண்டாம் குழு, 4+3 என்றால் மூன்றாம் குழு. "எனக்கும் ஏழுதான்" என்று ஒருவர் சொன்னவுடன் அவர் கதையை உங்கள் கதையாக எடுத்துக்கொண்டுவிடாதீர்கள். பி.எஸ்.ஏ., கிளீசன், எத்தனை பயாப்சித் துண்டுகளில் நோய் இருந்தது, எம்.ஆர்.ஐ. என்ன சொன்னது, நிலை என்ன என்பவற்றை ஒரே தாளில் எழுதி வைத்துக்கொள்ளுங்கள். இவற்றுக்கு அர்த்தம் சொல்ல வேண்டியவர் உங்கள் மருத்துவர்.

அவரிடம் இன்னொன்றும் கேளுங்கள்: "தொடர் கண்காணிப்பு எனக்குப் பொருந்துமா? பொருந்தாது என்றால் ஏன்?" கண்காணிப்பு என்றால் கைவிடுவது அல்ல. குறித்த இடைவெளியில் பி.எஸ்.ஏ., எம்.ஆர்.ஐ., தேவைப்படும்போது மறுபடி பயாப்சி என்று பார்த்துக்கொண்டே இருந்து, நோய் நகர்ந்தால் உடனே சிகிச்சைக்குப் போவது. 3+4 உள்ள எல்லோருக்கும் இது ஏற்றதல்ல; சிலருக்கு ஏற்றது. கேட்டுத் தெரிந்துகொள்வதில் இழப்பு ஒன்றுமில்லை.

அவசரப்பட வேண்டாம் என்று நான் சொல்வதற்கு வலுவான ஆதாரம் இருக்கிறது. பிரிட்டனில் நடந்த 'புரொடெக்ட்' ஆய்வில், சுரப்பிக்குள் அடங்கிய நோய் கொண்ட 1,643 பேரைக் கண்காணிப்பு, அறுவை, கதிர்வீச்சு என மூன்று பிரிவுகளாகக் குலுக்கல் முறையில் பிரித்தார்கள். 15 ஆண்டுகளின் முடிவு 2023இல் வெளியானது. எந்தப் பிரிவானாலும் இந்த நோயால் இறந்தவர்கள் 100 பேரில் ஏறத்தாழ 3 பேர்தான். கண்காணிப்புப் பிரிவில் நோய் பரவியவர்கள் 100க்கு 9 பேர். மற்ற இரண்டிலும் 5 பேர். அந்த வேறுபாட்டையும் மறைக்கக் கூடாது. ஆய்வில் சேர்ந்தவர்களில் பெரும்பாலோருக்குக் குறைந்த அல்லது நடுத்தர அபாயமுள்ள நோய்தான் இருந்தது என்பதையும் நினைவில் வையுங்கள். ஆனால் நோய் கண்டறிந்த வாரமே முடிவெடுக்காவிட்டால் எல்லாம் கைமீறிப் போய்விடும் என்ற பதற்றத்துக்கு, உங்கள் நிலையில் இருப்பவருக்குப் பெரும்பாலும் அடிப்படை இல்லை. சில வாரங்கள் எடுத்துக்கொள்ளலாம். அறுவை மருத்துவர், கதிர்வீச்சு மருத்துவர் இருவரையும் தனித்தனியே பார்த்துப் பேசலாம். ஒவ்வொருவரும் தமக்குத் தெரிந்த சிகிச்சையின் பக்கம் சற்றுச் சாய்வது இயல்பு. இருவரையும் கேட்டால்தான் அந்தச் சாய்வு உங்களுக்குப் புரியும்.

இனி, சக நோயாளிகளின் பக்கம் வருகிறேன்.

மருத்துவர் தரும் பத்து, பதினைந்து நிமிடங்களில் உயிருக்கான கேள்விகளுக்கு விடை கிடைக்கும். அன்றாடத்துக்கான கேள்விகள் அங்கே எழுவதே இல்லை. எழுந்தாலும் கேட்க நாக்கு வராது. இந்த நோய் தொடும் இடங்கள் அப்படி: சிறுநீர், மலம், உடலுறவு. ஆண்கள் தங்களுக்குள் பேசிப் பழகாத மூன்று விஷயங்கள். அமெரிக்கப் பாதுகாப்பு அமைச்சராக இருந்த லாயிட் ஆஸ்டின் 2023 டிசம்பரில் இதே நோய்க்கு அறுவை சிகிச்சை செய்துகொண்டார். சிக்கல் ஏற்பட்டு மறுபடி மருத்துவமனையில் சேர்க்கப்பட்ட பிறகும், சில நாட்களுக்கு அது நாட்டின் அதிபருக்கே தெரியாது. பின்னர் அவர் வருத்தம் தெரிவித்தார். நோயைத் தனிப்பட்ட விஷயமாக வைத்துக்கொள்ளவே முதலில் தோன்றியது என்று சொன்னார். அவ்வளவு பெரிய பதவியில் இருந்தவருக்கே அப்படித் தோன்றியிருக்கிறது. நீங்கள் மனைவியைத் தவிர யாரிடமும் சொல்லாமல் இருப்பதில் வியப்பில்லை. 2022இல் மட்டும் உலகில் ஏறத்தாழ 14.7 லட்சம் ஆண்களுக்குப் புதிதாக இந்த நோய் கண்டறியப்பட்டது. அவர்களில் எத்தனையோ பேர் உங்களைப் போலவே தனக்கு மட்டும்தான் என்று நினைத்துக்கொண்டிருக்கிறார்கள்.

அறுவை சிகிச்சையைத் தேர்ந்தால் சிறுநீர்க் கசிவு இருக்கும், போகப் போகச் சரியாகும் என்று மருத்துவர் சொல்வார். சரிதான். ஆனால் அறுவையின்போது வைத்த சிறுநீர்க் குழாயை (கதீட்டர்) எடுத்த அன்று மாலை நாற்காலியிலிருந்து எழும்போது எவ்வளவு வெளியேறும் என்பதை அனுபவித்தவர்தான் சொல்ல முடியும். இரவில் படுத்திருக்கும்போது பெரும்பாலும் கசியாது, பகலில் அந்தி நெருங்க நெருங்கத் தசைகள் களைத்துக் கூடுதலாகக் கசியும், தும்மலும் இருமலும் சிரிப்பும் கூட வினையாகும் என்பதையெல்லாம் முன்கூட்டியே கேட்டவர்கள், அது நடக்கும்போது ஏதோ தவறாகிவிட்டது என்று கலங்குவதில்லை. கதீட்டர் எடுக்கும் நாளுக்கு மாற்று உடையும் கசிவை உறிஞ்சும் பேடும் எடுத்துப் போகச் சொல்வார்கள். அடர்நிறக் கால்சட்டை, பையில் ஒரு மாற்றுப் பேட், பயன்படுத்தியதைப் போட்டுவைக்க மூடக்கூடிய ஒரு பை. பல ஆண்கள் கழிப்பறைகளில் பேடைப் போடக் குப்பைத்தொட்டியே இருப்பதில்லை என்பது உள்ளே போய் நிற்கும்போதுதான் தெரியும். கசிவுக்குப் பயந்து தண்ணீரைக் குறைக்காதீர்கள் என்றும் சொல்வார்கள். சிறுநீர் அடர்ந்தால் சிறுநீர்ப்பை எரிச்சலடைந்து அவசரம் இன்னும் கூடும்.

இடுப்புத்தளத் தசைப் பயிற்சியை அறுவைக்குச் சில வாரங்கள் முன்பே தொடங்குவது நல்லது. வாயு வெளியேறாமல் அடக்கும்போது எந்தத் தசை மேலே இழுபடுகிறதோ அதுதான் நீங்கள் தேடும் தசை. வயிற்றையோ பின்புறத்தையோ இறுக்காமல், மூச்சை அடக்காமல், அதை மட்டும் இழுத்துப் பிடித்து விட வேண்டும். பிடிப்பதற்குக் கொடுக்கும் அக்கறையை விடுவதற்கும் கொடுங்கள். சிறுநீர் கழிக்கும்போதே நிறுத்தி நிறுத்திப் பழகுவதை வழக்கமாக்கிக்கொள்ள வேண்டாம். முடிந்தால் இதில் தேர்ந்த இயன்முறை மருத்துவரிடம் ஒருமுறை சரிபார்த்துக்கொள்ளுங்கள். தவறான தசையை மாதக்கணக்கில் இறுக்கிக்கொண்டிருந்தவர்களை நான் அறிவேன். பெரும்பாலோருக்கு மூன்று மாதங்களிலிருந்து ஓராண்டுக்குள் நல்ல முன்னேற்றம் வரும். எல்லோருக்கும் முழுமையாக வந்துவிடுவதில்லை. புரொடெக்ட் ஆய்வில் அறுவைப் பிரிவில் இருந்தவர்களில் 12 ஆண்டுகள் கழித்தும் ஏறத்தாழ நான்கில் ஒருவர் பேட் பயன்படுத்தினார்கள். அப்படித் தொடர்ந்தால் அதற்கும் அறுவை முறைகள் உண்டு, செயற்கைச் சுருக்குத் தசை உண்டு. "வயதாகிவிட்டது, சகித்துக்கொள்வோம்" என்று யாராவது சொன்னால் ஏற்காதீர்கள்.

கதிர்வீச்சைத் தேர்ந்தால் அனுபவம் வேறு மாதிரி. முன்பு ஏழெட்டு வாரங்கள் தினமும் போக வேண்டியிருந்தது. இப்போது பலருக்கு 20 அமர்வுகளில் முடிகிறது, தகுதியான சிலருக்கு ஐந்தே அமர்வுகள். ஒவ்வொரு முறையும் மலக்குடல் காலியாகவும் சிறுநீர்ப்பை ஓரளவு நிறைந்தும் இருக்க வேண்டும் என்பார்கள். சொல்ல எளிது. எந்திரம் தாமதமாகும் நாளில் நிறைந்த சிறுநீர்ப்பையோடு காத்திருப்பது எப்படி, எப்போது தண்ணீர் குடிக்கத் தொடங்குவது என்பதையெல்லாம் முந்தைய மாதம் அதே நாற்காலியில் காத்திருந்தவர் சொல்லித் தருவார். முடியும் தறுவாயில் வரும் களைப்பும் சிறுநீர் எரிச்சலும் பெரும்பாலும் சில வாரங்களில் தணியும். குடல் தொல்லை சிலருக்குப் பிறகும் நீடிக்கும். மலத்தில் இரத்தம் கண்டால் மருத்துவரிடம் சொல்லிவிட வேண்டும்.

உடலுறவைப் பற்றி நீங்கள் ஒரு வரியும் எழுதவில்லை. கவனித்தேன். குழுவிலும் முதலில் யாரும் அதை எடுப்பதில்லை. ஒருவர் வாயைத் திறந்துவிட்டால் மீதி நேரம் முழுவதும் அதுவே பேச்சாகிவிடும்.

தெரிந்துகொள்ள வேண்டியவை இவை. விறைப்புக்கான நரம்புகள் சுரப்பியின் இரு பக்கங்களையும் ஒட்டி ஓடுகின்றன. அவற்றைக் காப்பாற்றி அறுவை செய்யும் முறையை 1982இல் அமெரிக்க அறுவை மருத்துவர் பாட்ரிக் வால்ஷ் செய்து காட்டினார். உங்கள் விஷயத்தில் அது இயலுமா, எந்தப் பக்கத்தில் இயலும் என்பதை அறுவைக்கு முன்பே மருத்துவரிடம் நேராகக் கேளுங்கள். நரம்புகளைக் காப்பாற்றினாலும் அவை அதிர்ச்சியிலிருந்து மீள ஒன்றரை, இரண்டு ஆண்டுகள்கூட ஆகலாம். சிலருக்கு முன்பிருந்த நிலை திரும்புவதில்லை. கதிர்வீச்சில் பாதிப்பு உடனே தெரியாது, ஆண்டுகள் போகப் போகத் தெரியும். அறுவைக்குப் பின் விந்து வெளியேறாது, ஆனால் உச்சகட்ட உணர்வு இருக்கும். விறைப்பு இல்லாவிட்டாலும் அந்த உணர்வு வரலாம். அந்த நேரத்தில் சிறிது சிறுநீர் கசிவதும் உண்டு. ஆணுறுப்பு சற்றுக் குறுகியதாகத் தோன்றுவதும் உண்டு. இந்தக் கடைசி இரண்டையும் முன்கூட்டி யாரும் சொல்லாமல், தனக்கு மட்டும் நேர்ந்த அவமானமாக நினைத்து மனைவியிடமிருந்து ஒதுங்கிப் படுத்தவர்கள் பலர்.

சில்டனாஃபில், டடலாஃபில் போன்ற மாத்திரைகள், வெற்றிடக் கருவி, ஊசி, கடைசியாக உள்வைப்பு என்று வழிகள் வரிசையாக இருக்கின்றன. நெஞ்சுவலிக்கு நைட்ரேட் மருந்து எடுப்பவர்கள் அந்த மாத்திரைகளைத் தொடவே கூடாது. இரத்த அழுத்தம் ஆபத்தான அளவுக்கு விழும். குழுவில் ஒருவர் தம் மாத்திரையை உங்களிடம் நீட்டினால் வாங்காதீர்கள். அவரிடமிருந்து பெற வேண்டியது வேறு: முதல் முயற்சி தோற்றபோது வீட்டில் என்ன பேசிக்கொண்டார்கள், எதை மாற்றிப் பார்த்தார்கள், விறைப்பு இல்லாத நெருக்கத்துக்கு எப்படிப் பழகினார்கள் என்பன. எந்த மருந்துச்சீட்டிலும் இவை வராது.

ஹார்மோன் சிகிச்சை இப்போது உங்கள் முன் இல்லை. கதிர்வீச்சோடு சில மாதங்களுக்கு அதைச் சேர்க்கச் சொல்லக்கூடும் என்பதால் சுருக்கமாகச் சொல்கிறேன். ஆண் ஹார்மோனான டெஸ்டோஸ்டிரோனைக் குறைத்தால் இந்த நோய் பின்வாங்கும் என்பதை 1941இல் சார்ல்ஸ் ஹக்கின்ஸ் என்ற மருத்துவர் காட்டினார். அதற்காக 1966இல் நோபல் பரிசு பெற்றார். இன்றைய ஊசிகளின் அடிப்படையும் அதுவே. ஊசி போட்ட பிறகு உடல் திடீரென்று சூடேறி வியர்த்துக் கொட்டும். காமம் அடங்கிப்போகும். தசை கரையும், வயிறு பெருக்கும், எலும்பு மெலியும். இவை அச்சிட்ட தாளிலேயே இருக்கும். காரணமே இல்லாமல் அழுகை வரும் என்பதை நான் ஒரு சக நோயாளியிடம்தான் முதலில் கேட்டேன். செய்தி பார்க்கும்போதே கண் கலங்குகிறது என்று அவர் சொன்னதும் சுற்றியிருந்தவர்கள் தலையசைத்தார்கள். என் மனம் உடைந்துபோய்விட்டது என்று அதுவரை நினைத்திருந்தேன். ஊசியின் வேலை என்று அன்று தெரிந்தது.

எடை தூக்கும் பயிற்சியும் வேக நடையும் இந்தக் களைப்பை எதிர்க்கும் மிகச் சிறந்த மருந்துகள் என்பது என் அனுபவம். ஆய்வுகளும் அதையே சொல்கின்றன. களைப்பாக இருக்கிறதே என்று படுத்தால் களைப்பு வளரும். தனியாகச் செய்யத் தோன்றாது, துணைக்கு ஒருவர் காத்திருக்கிறார் என்றால் எழுந்து போவோம். எலும்பு அடர்த்திப் பரிசோதனை எப்போது என்று மருத்துவரிடம் கேளுங்கள். எலும்பைக் காக்கும் ஊசி தொடங்கும் முன் பற்களைக் காட்டிச் சரிசெய்துகொள்ள வேண்டும். அதன் பிறகு பல் பிடுங்கினால் தாடை எலும்பு ஆறாமல் போகும் ஆபத்து உண்டு.

சிகிச்சை முடிந்த பிறகு வருவது பி.எஸ்.ஏ. பயம். மூன்று மாதமோ ஆறு மாதமோ, பரிசோதனை நெருங்கும் வாரத்தில் தூக்கம் கெடும், வீட்டில் எல்லோர் மேலும் எரிந்து விழுவோம். எந்த எண் எதைக் குறிக்கும் என்பதை முன்பே தெரிந்துவைத்தால் பயம் பாதியாகும். சுரப்பியை முழுவதும் அகற்றியபின் பி.எஸ்.ஏ. கண்டறிய முடியாத அளவுக்கு இறங்க வேண்டும், மில்லிலிட்டருக்கு 0.2 நானோகிராமை எட்டி, மறுபரிசோதனையிலும் அது உறுதியானால் நோய் திரும்புவதாகக் கொள்வது வழக்கம். கதிர்வீச்சுக்குப் பின் கணக்கு வேறு: சுரப்பி உள்ளேயே இருப்பதால் பி.எஸ்.ஏ. பூஜ்யமாகாது, மெல்ல மெல்ல இறங்கும். அது தொட்ட மிகக் குறைந்த அளவிலிருந்து 2 கூடினால்தான் திரும்பியதாக எண்ணுவார்கள். இடையில் முதல் சில ஆண்டுகளில் காரணமின்றி ஒருமுறை ஏறித் தானாக இறங்குவதும் உண்டு. அறுவை செய்தவரின் எண்ணோடு கதிர்வீச்சு பெற்றவர் தம் எண்ணை ஒப்பிட்டுக் கலங்குவது குழுக்களில் அடிக்கடி நடப்பது. அது தேவையற்ற கலக்கம். ஒரே ஆய்வகத்தில் தொடர்ந்து பாருங்கள். முடிவு வரும் நாளுக்கு மறுநாளே மருத்துவரைப் பார்க்க முடிவதுபோல் நாளைக் குறித்துக்கொள்ளுங்கள். விடுமுறைக்கு முந்தைய இரவில் தனியாக உட்கார்ந்து முடிவைத் திறக்காதீர்கள்.

இப்போது உங்கள் முதல் தயக்கம்: பிறர் கதை கேட்டால் பயம் கூடாதா? சில நாள் கூடும். மறைக்க விரும்பவில்லை. குழு என்றால் நோய் முற்றியவர்களும் இருப்பார்கள். பழகிய ஒருவர் ஒருநாள் இல்லாமல் போவார். அந்தத் துக்கம் உண்மையானது. ஆனால் முதல் கூட்டத்துக்கு வருபவர்களிடம் நான் திரும்பத் திரும்பப் பார்ப்பது வேறு. நோய் பரவிய நிலையிலும் சிரித்துப் பேசி, பேரப்பிள்ளைகளைப் பள்ளிக்கு அழைத்துப் போகும் ஒருவரைப் பார்த்த பிறகு, "பரவுதல்" என்ற சொல் அவர்களை முன்புபோல் மிரட்டுவதில்லை. அபிராட்டரோன், என்சலூட்டமைடு, டோசிடாக்சல் எனப் புதிய மருந்துகள் ஒன்றன்பின் ஒன்றாக வந்ததில், பரவிய நோயோடும் பல ஆண்டுகள் வாழ்பவர்கள் இன்று நிறைய. தென்னாப்பிரிக்கப் பேராயர் டெஸ்மண்ட் டுட்டுவுக்கு 1997இல் இந்த நோய் கண்டறியப்பட்டது; அவர் மறைந்தது 2021இல், தம் 90ஆம் வயதில்.

கூட்டமாக இருப்பது ஒத்துவராதவர்கள் ஒருவரோடு ஒருவர் பேசும் ஏற்பாட்டைக் கேட்கலாம். பல அமைப்புகளில் உங்களைப் போன்ற வயதும் அதே சிகிச்சையும் உள்ள, பயிற்சி பெற்ற ஒருவரைத் தொலைபேசியில் இணைத்துவிடுவார்கள். கூட்டத்துக்கே போனாலும் பேசியாக வேண்டும் என்பதில்லை. மூன்று கூட்டங்கள் வாய் திறக்காமல் கேட்டுக்கொண்டிருந்துவிட்டு நான்காவதில் பேசத் தொடங்கி நிறுத்தவே முடியாமல் போனவர்கள் உண்டு.

குழுவைத் தேர்ந்தெடுப்பதில் மட்டும் கறாராக இருங்கள். அங்கே எதையாவது விற்கிறார்களா என்று பாருங்கள். விற்றால் எழுந்து வந்துவிடுங்கள். 1990களில் அமெரிக்காவில் 'பி.சி.-ஸ்பெஸ்' என்ற எட்டு மூலிகைக் கலவை நோயாளிகளிடையே வாய்வழியாகவே பரவியது. பி.எஸ்.ஏ. உண்மையிலேயே இறங்கியது, அதனால் நம்பினார்கள். பின்னர் சோதித்தபோது அதில் செயற்கைப் பெண் ஹார்மோனும், இரத்தம் உறையாமல் தடுக்கும் வார்ஃபரினும் கலந்திருந்தது தெரிந்தது. 2002இல் அது சந்தையிலிருந்து திரும்பப் பெறப்பட்டது. சக நோயாளிகள் நல்லெண்ணத்தோடுதான் பரிந்துரைத்தார்கள். நல்லெண்ணம் மருந்தைச் சோதிப்பதில்லை. வைட்டமின் மாத்திரையும் அப்படித்தான்: 35,000க்கும் மேற்பட்ட ஆண்களிடம் நடந்த 'செலக்ட்' ஆய்வு, வைட்டமின் ஈ எடுத்தவர்களிடம் புராஸ்டேட் புற்றுநோய் 17 விழுக்காடு கூடியதாக 2011இல் தெரிவித்தது. "தீங்கில்லை, சாப்பிட்டுப் பாருங்கள்" என்று யார் சொன்னாலும் அந்தப் பெயரை எழுதி வந்து மருத்துவரிடம் காட்டுங்கள். "என் மருத்துவர் செய்ததுதான் சரி, மற்றவை வீண்" என்று அடித்துப் பேசுபவரிடமும் கவனமாக இருங்கள். பெரிய முடிவொன்றை எடுத்தவர் அதுவே சரி என்று நம்ப வேண்டிய தேவையில் இருக்கிறார். அவர்மேல் கோபம் வேண்டாம், அவர் வழியில் போகவும் வேண்டாம். நல்ல குழுவில் பேச்சை ஒழுங்குபடுத்த ஒருவர் இருப்பார், அவ்வப்போது மருத்துவரோ செவிலியரோ வந்து விளக்குவார்கள், உள்ளே பேசியது வெளியே போகாது.

உங்கள் மனைவியைப் பற்றியும் ஒன்று. விஷயம் அவருக்கு மட்டும் தெரியும் என்றால், உங்கள் பயத்தையும் அவர் சுமக்கிறார், தம் பயத்தையும் சுமக்கிறார், அதோடு ரகசியத்தையும் காக்கிறார். அவர் யாரிடம் பேசுவார்? சில குழுக்களில் துணைவியருக்குத் தனி அமர்வு உண்டு. இல்லையென்றால் அவர் நம்பும் ஒருவரிடம் சொல்லிக்கொள்ள நீங்களே அனுமதி கொடுங்கள். சகோதரர்களும் மகன்களும் இருந்தால் அவர்களிடமும் சொல்லத்தான் வேண்டும். தந்தைக்கோ சகோதரனுக்கோ இந்த நோய் இருந்தால் ஒருவருக்கு வரும் வாய்ப்பு ஏறத்தாழ இரு மடங்கு. குடும்பத்தில் மார்பக, சினைப்பைப் புற்றுநோய்கள் இருந்தால் பி.ஆர்.சி.ஏ.2 என்ற மரபணுவில் மாற்றம் இருக்கிறதா என்று பார்க்கும் சோதனை வேண்டுமா என்று மருத்துவரிடம் கேளுங்கள். அந்த மாற்றம் தந்தையிடமிருந்து மகளுக்கும் போகக்கூடியது.

எந்தக் குழுவிலும் கேட்டுக்கொண்டு நிற்கக் கூடாத சில உண்டு. அன்றே மருத்துவமனைக்குப் போக வேண்டியவை. சிறுநீர் அடியோடு நின்றுபோவது. கீமோ எடுக்கும் காலத்தில் 38 டிகிரி செல்சியஸோ அதற்கு மேலோ காய்ச்சல். நோய் பரவியவருக்குப் புதிதாக வரும் கடும் முதுகுவலி, கால் பலவீனம், மரத்துப்போதல், மலம் சிறுநீர் கட்டுப்பாடு போவது. இவை முதுகுத்தண்டு நசுங்குவதன் அறிகுறிகள், மணிக்கணக்கு தாமதமும் நடையைப் பறித்துவிடும். வாழ வேண்டாம் என்ற எண்ணம் வந்தால் அதுவும் இதே வரிசையில்தான். நோய் கண்டறிந்த முதல் மாதங்களில் அந்த எண்ணம் ஆண்களுக்கு வருவது மருத்துவ உலகம் நன்கறிந்தது. வெட்கப்படாமல் உடனே சொல்லுங்கள்: மருத்துவரிடம், மனைவியிடம், அருகில் இருக்கும் யாரிடமாவது.

அடுத்த கூட்டத்துக்குப் போகும்போது உங்கள் எண்களை எழுதிய தாளைச் சட்டைப்பையில் வைத்துக்கொள்ளுங்கள். ஒருங்கிணைப்பாளரைத் தனியே பார்த்து, 3+4 இருந்து அறுவை செய்துகொண்ட ஒருவரோடும் கதிர்வீச்சு பெற்ற ஒருவரோடும் பேச வேண்டும் என்று சொல்லுங்கள். கண்காணிப்பில் இருப்பவர் கிடைத்தால் அவரோடும். சிகிச்சை முடிந்து இரண்டு ஆண்டுகளாவது ஆனவர்களாக இருந்தால் நல்லது. மூன்றாம் மாதத்தில் இருப்பவருக்கு இன்னும் எதுவும் நிலைபெற்றிருக்காது. அவர்களிடம் இப்படிக் கேளுங்கள்: ஆறாம் மாதத்தில் ஒரு சாதாரண நாள் எப்படி இருந்தது? இப்போது எப்படி இருக்கிறது? வேலைக்கு எப்போது திரும்பினீர்கள்? வீட்டில் எதைச் சொல்லச் சிரமப்பட்டீர்கள்? முன்பே தெரிந்திருக்க வேண்டும் என்று இன்று நினைப்பது எதை? அவர்கள் சொல்வதைக் குறித்துக்கொண்டு, அந்தக் குறிப்போடு உங்கள் இரண்டு மருத்துவர்களையும் மறுபடி பாருங்கள். மனைவியையும் அழைத்துப் போங்கள். இருவர் கேட்டால் ஒருவர் தவறவிடுவது மற்றவர் காதில் விழும்.